பை வைத்த கவுன்

அக்கா தைத்துக் கொண்டுவரும் கவுன் ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் ஒரு பை இருக்கும். எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் எங்கள் ஈப்போ கடைகளில் விற்ற பெண்குழந்தைக் கவுன்களில் பை வைக்கும் வழக்கம் இல்லை. கழுத்தில் லேஸ் இருக்கும், இடுப்பில் நாடா இருக்கும், முதுகில் பெரிய முடிச்சு இருக்கும். ஒரு மிட்டாய் வைத்துக்கொள்ள இடம் இருக்காது. அக்காவின் கவுனைப் போட்டுப் பார்க்கும் குழந்தை முதலில் கண்ணாடியைப் பார்க்காது. கையைப் பைக்குள் விட்டுப் பார்க்கும். விட்ட கையை எடுக்காமலே அம்மாவை நிமிர்ந்து பார்க்கும். அதற்கு மேல் அந்த அம்மா என்ன பேரம் பேசினாலும் கவுன் விற்றுவிடும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது நான் லகாட் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்ததும் சேர்ந்த வேலை. முதலாளி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சிறு வயதில் கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம். துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடந்து விற்று, பிறகு கடை வைத்தவர். அதனால்தானோ என்னவோ, கடை வாசலை ஒட்டி ஒரு நீள மேசை போட்டு, வீட்டில் எதையாவது தைத்தோ பின்னியோ விற்க நினைக்கும் பெண்களுக்கு விட்டிருந்தார். காம்பாரிலிருந்து ஓர் ஆசிரியரின் மனைவி பின்னல் விரிப்புகள் கொண்டுவருவார். ஊருக்குள்ளிருந்தே சிலர் தலையணை உறைகள் கொண்டுவருவார்கள். சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, உறவில்லாவிட்டாலும் நான் அக்கா என்றே கூப்பிட்ட அவர் வருவார். விற்றதில் வெள்ளிக்கு, அதாவது ஒரு ரிங்கிட்டுக்கு, பத்துக் காசு கடைக்கு. மீதிப் பணம், அவர்கள் அடுத்த முறை வந்து நிற்கும்போதே கையில்.

காலையில் பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிவிட்டு மத்தியானத்துக்கு மேல் தோட்டத்து லயத்து வீட்டில் தையல் மெஷினில் உட்காருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை, வெள்ளைப் போர்வையில் கட்டிய மூட்டையோடு பஸ்ஸில் வருவார். நான் பணத்தைக் கொடுத்ததும் எதிர்க்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு விரைவார். எங்கே இவ்வளவு அவசரம் என்று ஒருநாள் கேட்டேன். “தஞ்சோங் ரம்புத்தான்ல சொந்தக்காரங்க இருக்காங்க தங்கச்சி. பாத்துட்டு வாரேன்” என்றார். எங்கள் பேராக் மாநிலத்தில் அந்த ஊர்ப்பெயரைச் சொன்னாலே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், யாராவது சற்றுக் கோணலாகப் பேசினால் ‘உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்லா’ என்பது எங்கள் ஊர்க் கேலி. ஆனால் அங்கே வீடுகளும் கடைகளும் பள்ளிக்கூடமும் இருக்கின்றனவே. நான் வேறு எதுவும் நினைக்கவில்லை.

எண்பதுகள் பிறந்த சமயம் முதலாளி பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தார். வாடகை ஏறியது. கணக்கைப் பார்த்துக்கொள்ள அவருடைய மைத்துனர் பினாங்கிலிருந்து வந்தார். கெட்ட மனிதர் அல்ல. மாலையில் கல்லாப் பணம் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வாசல் மேசைக்குப் புதுச் சட்டம் வந்தது. கமிஷன் வெள்ளிக்கு இருபது காசு. மேசைக்கு மாத வாடகை தனி. பணம் இனி மாதக் கடைசியில்தான், அதுவும் பேங்க் செக்காக. இதை ஒவ்வொருவரிடமும் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

என் மகள் இப்போது குழந்தைகளின் பழைய உடுப்புகளையும் விளையாட்டுச் சாமான்களையும் கைப்பேசியில் ஒரு நிறுவனத்தின் செயலி வழியாக விற்கிறாள். அண்மையில் அந்த நிறுவனம் கட்டணத்தை உயர்த்திவிட்டது. பொருள் போய்ச் சேர்ந்து, வாங்கியவர் சரி என்று சொன்ன பிறகுதான் பணமாம். அதுவும் அவர்களுடைய கணக்கிலேயே கிடந்து மெதுவாக வருமாம். “யார்கிட்டம்மா போய்க் கேக்குறது? ஒரு மனுசன் இருந்தா கேக்கலாம்” என்று கைப்பேசியை மெத்தையில் போட்டாள். அக்காவுக்குக் கேட்பதற்கு ஒரு மனிதர் இருந்தார். அந்த வித்தியாசம் பெரியது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை புதுச் சட்டத்தை நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா மூட்டையை இறக்காமல் நின்றார். ஆசிரியரின் மனைவி என்னிடம் அரைமணி நேரம் சத்தம் போட்டிருந்தார். தலையணை உறைக்காரர்கள் திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப, இன்னைக்குக் காசு இல்லையா தங்கச்சி?”

“மாசக் கடைசிலதான்க்கா. செக்கா தருவாங்க. பேங்குல போட்டு எடுத்துக்கலாம்.”

“சரி” என்றார். மூட்டையைப் பிரித்துக் கவுன்களை அடுக்கினார். வழக்கம்போல் பையின் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். எதிர்க்கடையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் பஸ் நிலையத்துப் பக்கம் போனபோது அங்கே ஒரு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். தஞ்சோங் ரம்புத்தான் பஸ் அவருக்கு முன்னாலேயே புறப்பட்டுப் போனது. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, “சொந்தக்காரங்கன்னு சொன்னேன்ல, அது எங்க வீட்டுக்காரருதான். ஆஸ்பத்திரியில இருக்காரு” என்றார். நன்றாக மரம் வெட்டிக்கொண்டிருந்த மனிதர், ஒரு மழைக்காலத்தில் பேச்சை நிறுத்திக்கொண்டார். பிறகு சாப்பாட்டையும். தோட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கோலாலம்பூரில் லாரி வேலைக்குப் போயிருப்பதாக அக்கா சொல்லி வைத்திருந்தார். மரம் வெட்டும் சம்பளம் அரிசிக்கும் மகளின் பள்ளிக்கூடத்துக்கும் சரியாகப் போகும். கவுன் காசில்தான் பஸ்ஸும் பழமும். “நான் போற அன்னைக்கு மட்டும் வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசுவாராம். மிஸிங்க சொல்றாங்க. இன்னைக்கு வாசலப் பாத்துக்கிட்டே இருப்பாரு” என்றார். மிஸி என்றால் எங்கள் ஊரில் நர்ஸ். நான் கைப்பையைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து மூடிவிட்டார். “வேணாம் தங்கச்சி. இது ஒருநாள் சமாச்சாரமா என்ன?”

அடுத்த முறை வந்தபோது அக்கா என் மேசைக்கு வரவில்லை. நேரே முதலாளி முன்னால் போய் நின்றார். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது, கடை நிறைய ஆட்கள்.

“மொதலாளி, கமிஷன் நீங்க சொன்னபடியே எடுத்துக்குங்க. மேச வாடகையும் தாரேன். ஆனா நான் வர்ற அன்னைக்கே காசு வேணும்.”

“ஒருத்தருக்கு ஒரு சட்டம் போட முடியாதும்மா. கணக்கு குழம்பிப் போகும். அப்படி என்ன அவசரம்?”

அக்கா திரும்பிக் கடையைப் பார்த்தார். தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் சேலைக் கட்டுகளுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். அவருக்குத் தெரிந்தவர்கள்தான் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். “எங்க வீட்டுக்காரரு தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில இருக்காரு மொதலாளி. நான் போகலன்னா சாப்பிட மாட்டாரு. அதான் அவசரம்.”

சேலைக் கட்டுகளுக்கு முன்னால் நின்ற இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். உடனே முதலாளி மனம் மாறிப் பணத்தை எடுத்துக் கொடுத்தார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அவர் சொன்னது, “யோசிக்கிறேம்மா. ரெண்டு வாரம் டைம் குடு.”

“அவருக்கு ரெண்டு வாரம் தெரியாது மொதலாளி” என்றார் அக்கா. கோபமில்லாமல் சொன்னார். விற்காமல் மேசையில் இருந்த கவுன்களை எடுத்துப் போர்வையில் கட்டினார். விற்றவற்றுக்கான பணத்தை மட்டும் முதலாளி யாரையும் கேட்காமல் கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, மூட்டையோடு தஞ்சோங் ரம்புத்தான் பஸ் ஏறினார்.

அன்று நடந்ததை, பிறகு பஸ் நிலையத்தில் பார்த்தபோது அவரே சொன்னார். மருத்துவமனை வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா மூட்டையைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறார். பிரித்துக் காட்டியதும், வேலை முடிந்து வெளியே வந்த ஒரு மிஸி நின்று ஒரு கவுனை எடுத்துப் பார்த்திருக்கிறார். மலாய்க்காரப் பெண். பைக்குள் கையை விட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார். அங்கேயே இரண்டு கவுன் போய்விட்டது. வாசலில் விற்கக்கூடாது என்று ஜாகா சொல்ல, சாலைக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருந்த, தவுக்கே எனப்படும் சீன முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். கடை முன் நடைபாதையில் ஒரு ஓரத்தைக் காட்டிய தவுக்கேயிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, “வாடகை என்னா? உன்கிட்ட துணி பாக்க வர்ற ஆளு என்கிட்ட காப்பி குடிப்பான்லா” என்றாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்கா தவுக்கேயின் தமிழைப் பேசிக் காட்டுவார்.

எங்கள் கடையில் நிலைமை வேறாக இருந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தாய்மார்கள் வந்து பை வைத்த கவுன் எங்கே என்று கேட்டார்கள். நான் தொழிற்சாலைக் கவுன்களைக் காட்டுவேன். குழந்தைகள் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும். தலையணை உறைக்காரர்களும் போய்விட்டார்கள். வாசல் மேசையில் ஆசிரியர் மனைவியின் விரிப்புகள் மட்டும் கிடந்தன. அவருக்குப் பேங்க் கணக்கு இருந்ததால் செக் பிடித்துப் போயிருந்தது. ஏறக்குறைய காலியாகிவிட்ட மேசையை முதலாளி வெளியே போகும்போதும் வரும்போதும் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை என்னிடம், “அந்தப் புள்ள எங்க விக்குதுன்னு ஒனக்குத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். “வா, போலாம்” என்று காடியை எடுத்தார். எங்கள் ஊரில் கார்தான் காடி.

காப்பிக்கடை நடைபாதையில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெலிந்த ஒருவர், சுத்தமாகச் சவரம் செய்த முகம், ஒரு கவுனை மடியில் வைத்து நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தேறியிருப்பதால், பார்வையாளர் நேரத்தில் மனைவியோடு வெளியே உட்கார டாக்டர் அனுமதித்திருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்தார். பேசவில்லை. வெட்டிய நூல்களைக் கீழே போடாமல் உள்ளங்கையில் சேர்த்து வைத்திருந்தார்.

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லோருக்கும் காப்பி சொன்னார். அக்காவின் கணவருக்கு அவரே சீனி கலக்கிக் கொடுத்தார். பிறகுதான் பேசினார்.

“மேசையில வச்சு விக்கிற பேச்சே வேணாம்மா. நீ கொண்டார கவுன நான் மொத்தமா வாங்கிக்கிறேன். வெல நீ சொல்லு. காசு கையோட.”

“மத்தவங்களுக்கு?”

முதலாளி சிரித்துவிட்டார். “நீ அவங்களுக்கும் சேத்தா பேசுற?”

“நான் மட்டும் காசு வாங்கிட்டு வந்தா, அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறது மொதலாளி?”

காப்பி ஆறும்வரை பேசினார்கள். மேசை வாடகை போனது. கமிஷன் பழையபடி இறங்கவில்லை. பதினைந்து காசில் நின்றது. பணம் சனிக்கிழமைதோறும், ரொக்கம் வேண்டியவர்களுக்கு ரொக்கம், செக் வேண்டியவர்களுக்கு செக். மைத்துனர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். பிறகு, சனிக்கிழமைக் கணக்கு சுலபமாக ஒத்துப்போகிறது என்று அவரே சொன்னார். எல்லாக் கவுனையும் கடைக்கே தருமாறு முதலாளி கேட்டதற்கு மட்டும் அக்கா இணங்கவில்லை. “பாதி இங்க விப்பேன். இந்த எடம் நான் கேட்டதும் குடுத்த எடம்” என்றார்.

நான் பயந்ததெல்லாம் தோட்டத்தைப் பற்றித்தான். அன்று கடையில் கேட்ட இரண்டு பெண்களும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். சிலர் அக்கா வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். மகளைப் பள்ளியில் கேலி செய்தார்கள். அவள் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் பதிலுக்குப் பேசக் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்த இருவரில் ஒருத்தி, ஒரு சாயங்காலம் அக்காவின் வாசலில் வந்து நின்று, தன் தம்பியும் அதே ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், வீட்டில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை என்றும், தனியாகப் போகத் தைரியம் இல்லை என்றும் சொன்னாளாம். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸில் வந்தார்கள். மூட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். அக்கா தன் வாழ்க்கையில் செய்த பெரிய வியாபாரம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். என் மகளிடமும் அதைத்தான் சொன்னேன்: வேறு எங்கே விற்கலாம் என்பதைவிட, உன்னைப்போல் யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் தேடு. அவள் தேடத் தொடங்கியிருக்கிறாள். அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் சிலர் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் மேசை போடுகிறார்கள்.

கல்யாணமாகிக் கடையை விட்ட பிறகு அக்காவைப் பார்ப்பது குறைந்துபோனது. எண்பதுகளின் நடுவில், என் மூத்தவள் நடை பழகிய வயதில், சுங்கை சிப்புட் சந்தைக்குப் போயிருந்தேன். மீன் கடைகளைத் தாண்டிக் கயிற்றில் வரிசையாகக் கவுன்கள் ஆடிக்கொண்டிருந்தன. அக்காவைக் காணவில்லை. தலை நரைத்த ஒருவர் நின்றிருந்தார். சதை போட்டிருந்ததால், அக்காவின் கணவர் என்று முதலில் அடையாளம் தெரியவில்லை. ஒரு மஞ்சள் கவுனை எடுத்து விலை கேட்டேன். சொன்னார். அவர் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

“ரொம்பச் சொல்றீங்களே அண்ணே. கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?”

கவுனை வாங்கி என் மகளின் தோளில் வைத்து அளவு பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் தேநீர்க் கடையைக் கண்ணால் காட்டினார். அங்கே அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு பெண்களோடு ஏதோ சொல்லிச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“கொறச்சா அவ என்னைய ஏசுவாம்மா. அவ டீ குடிச்சிட்டு வரட்டும். வாரத்துல இந்த ஒரு மணி நேரந்தான் உக்காருறா. நான் கூப்பிட மாட்டேன்” என்றார்.

நானும் கூப்பிடவில்லை. அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, அக்கா திரும்பும்வரை அங்கேயே நின்றோம்.