பின்சீட்டில் கேட்ட கோச் வழக்கு

காருக்குள் மூன்று பேர் இருந்தோம்: ஸ்டியரிங்கில் அத்தான், பக்கத்தில் அவருடைய தம்பி, பின்சீட்டில் நான். அக்காவும் பிள்ளைகளும் வரவில்லை. ஆனால் பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டு பின்கதவில் அப்படியே இருந்தது. உள்ளேயிருந்து திறக்க ஏலாது.

லண்டனில் இல்ஃபோர்ட் ஸ்டேஷன் வாசலில், வண்டி நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டின்மேல் நின்றோம். எட்டு மாதம் வேலை தேடிக் கிடைத்த முதல் நேர்முகத் தேர்வு எனக்குப் பத்தரைக்கு இருந்தது; அங்கிருந்து ரயிலில் போக வேண்டும். முன்னால் இருவரும் வீட்டிலிருந்தே அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்கு நல்ல கோச், அதாவது பயிற்சியாளர், யார் என்ற வாதத்தில் இருந்தார்கள்.

"நல்ல கோச் எண்டால் முதல்ல ஆக்களைச் சரியாத் தெரிவு செய்யோணும்," என்றார் அத்தான்.

"விசர்க்கதை! கிடைச்ச ஆக்களைத் திருத்தி வெல்லுறவன்தான் கோச். உங்கட கடை வேலைக்கு நீங்கள் தெரிவு செய்த பெடியள் எத்தினை பேர் நிண்டவங்கள், அண்ணை?"

"அத்தான், கதவைத் திறந்து விடுங்கோ," என்றேன்.

"இரு. குடும்பத்தில கம்பஸ் போனவன் நீ ஒருத்தன்தான். ஆர் சரியெண்டு நீயே சொல்லு."

என் பல்கலைக்கழகப் படிப்புக்குக் காசு கட்டியவர் அவர். "நீங்கள்தான் சரி, அத்தான்" என்றிருந்தால் கதவு திறந்திருக்கும். நானோ வகுப்பில் பேசுவதுபோல், "ரெண்டும் வேணும், ஆனால்..." என்று விளக்கத் தொடங்கினேன். அந்த விளக்கத்தில் இருவருக்கும் புதிதாகப் பிடி கிடைத்தது. இரண்டு ரயில்கள் போய்விட்டன. மூன்றாவது முறை கதவைத் திறக்கக் கேட்டபோது, "பொறடா, இவனுக்கு விளங்கப்படுத்திட்டு விடுறன்" என்று தம்பியைக் காட்டினார் அத்தான்.

கண்ணாடியில் தட்டிய பார்க்கிங் அதிகாரிதான் வாதத்தை நிறுத்தினார். நான் போய்ச் சேர்ந்தபோது அடுத்தவரை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். வேறு நாள் தரவில்லை. அண்ணனும் தம்பியும் அபராதத்தை ஆளுக்குப் பாதியாகப் போட்டு, பதினாலு நாளில் கட்டினால் கழிவு உண்டு என்று இரண்டு கிழமைக்குள் கட்டினார்கள். மொத்தம் எண்பது பவுண்.