கால் துணி அலசியவர்

மகாராஜா காலத்து மைசூரில் எங்கள் பேட்டைக்கென்று ஒரு கால்பந்து டீம் இருந்தது. ஷூ கிடையாது, பாதத்தில் துணி சுற்றிக்கொண்டுதான் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்தத் துணிகளை அலசிச் சுருட்டி வைப்பவர், முன்பல் விழுந்த, ஒட்டிய கன்னக்காரர். அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பழைய மேனேஜர் ஊர் மாறிப் போனதும், அடுத்தவர் யார் என்று மைதானத்திலேயே வாக்குவாதம். நாங்கள் மரக்கடை முதலாளி என்றோம். எதிர்க்கட்சி டிரில் மாஸ்டர் என்றது. எங்கள் பக்கம் ஆள் சேர்க்க வேண்டி, குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த அவரை நான் இழுத்தேன்.

“நீங்க சொல்லுங்க, யாரு வந்தா தசரா மேட்ச் ஜெயிப்போம்?”

கையிலிருந்த துணியை விரித்துக் காட்டினார். நடுவில் ரத்தக் கறை.

“வலது பக்கம் ஆடற பையனோடது சாமி. மூணு வாரமா இப்படித்தான் வருது. அவனை உக்கார வெக்கறவரு யாரோ, அவரு வரட்டும். அஷ்டே” என்று, அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் சொல்லி முடித்தார்.

பிறகு மரக்கடை முதலாளியைத் தேர்ந்தெடுத்தோம்.

தசரா ஆட்டத்தில் கோல் போட்டது அந்தப் பையன்தான். எல்லோரும் எழுந்து கத்தினோம். துணி அலசுபவர் மட்டும் பந்தைப் பார்க்கவில்லை. நொண்டியபடி திரும்பி வரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு, அலசிய துணியொன்றைக் கையில் பிரித்து வைத்திருந்தார்.