நினைவு நாளில் பாடிய பர்த்டே பாட்டு

இலை போட்டு, சோறு வைத்து, சாம்பார் ஊற்றி, வடை பாயசம் வரைக்கும் பரிமாறியாயிற்று. பையன்களில் ஒருவனும் கை வைக்கவில்லை. சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, வடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்திருந்த அண்ணாச்சியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

சடையங்குப்பத்துப் பக்கம் இருக்கும் பையன்கள் இல்லத்தில் நான் சமையல் மாஸ்டர். படிப்பு ஐந்தாவது வரை. நாலு பேர் என்னைப் பார்த்தால் நாக்கு எழும்பாது. அடுப்போடு பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலையில் நிலைத்தேன். புதிதாக இந்த மாதிரி இல்லங்களில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1. மூன்று சார், மூன்று விதி

எங்கள் இல்லம் முன்பு உப்பு மூட்டை அடுக்கிய குடோன். ஹார்பர் லாரியில் திருட்டுத்தனமாக ஏறிச் சரக்கு இறக்கியவன், வீட்டில் கோபித்துக்கொண்டு ராயபுரம் ஸ்டேஷனில் படுத்தவன், வாத்தியார் பாடம் நடத்தும்போதே அவர் சைக்கிளை விற்றவன் என்று பலவிதமான பையன்கள் வருவார்கள். இல்லத்துக்குப் பொறுப்பாக வந்த பெரிய சார் ஒவ்வொருவரும் ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

முதல் சார் போட்டது: ஓடிப்போனவன் திரும்பி வந்தால் முதலில் சோறு, பிறகுதான் விசாரணை. பசித்தபோதெல்லாம் சிலர் ஓடிப்போய்த் திரும்பி வந்தார்கள். இரண்டாவது சார் போட்டது: சண்டை போட்ட இருவரும் ஒரே பாயில் படுக்க வேண்டும். அவர்கள் ராசியாகி, சேர்ந்தே சுவர் ஏறிக் குதித்தார்கள்.

இப்போதைய சார் போட்டது மூன்றாவது. வெளியார் சாப்பாடு போட்டால், பர்த்டே பாட்டுப் பாடி முடிக்கும்வரை இலையில் கை வைக்கக் கூடாது. வைத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் கிடையாது. அப்போதெல்லாம் எங்களுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள் எல்லாரும் பிறந்தநாளுக்குத்தான் வருவார்கள். அதனால் இந்த விதியால் யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை.

2. அண்ணாச்சி வந்த நாள்

ஒவ்வொரு மழைக்கும் சமையல்கட்டில் தண்ணீர் ஏறும். பெஞ்சு மேல் ஸ்டவ்வை வைத்து, நான் நாற்காலியில் நின்று கிண்டுவேன். இந்த வருஷமும் தண்ணீர் ஏறினால் பையன்களைப் பிரித்து வேறு வேறு இல்லங்களுக்கு அனுப்பிவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். தண்டையார்பேட்டையில் மொத்த எண்ணெய் வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், அப்பாவின் நினைவு நாளுக்குச் சாப்பாடு போடுவதாகவும், இடம் மனசுக்குப் பிடித்தால் சமையல்கட்டுத் தரையை உயர்த்திக் கட்டித் தருவதாகவும் சொல்லியிருந்தார்.

பெரிய சார் காலையிலேயே பையன்களைக் கூப்பிட்டு, "இன்னைக்குத் துக்க நாள். யாரும் பாடக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு பையனின் கேஸுக்காகக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். பாடாமல் சாப்பிடலாமா என்று அவர் சொல்லவில்லை.

நான் குனிந்து, பாட்டை ஆரம்பித்து வைக்கும் பையனிடம் கெஞ்சினேன். தொண்டைச் சத்தத்துக்காக எல்லாரும் அவனை மைக்கு என்று கூப்பிடுவார்கள்.

"சாப்பிடுடா கண்ணு."

"பாட்டு இல்லாம எப்டி மாஸ்டர்? அப்பால ஃபுட்பால் கட்டாயிடும்."

"நான் சார்கிட்ட சொல்லிக்கிறேன்."

"நீ? சாராண்ட? நீ வாய் தொறந்து பேசிட்டாலும்!" என்றான். வரிசை முழுக்கச் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "என்னவே, எங்க அய்யா பேர்ல போட்ட சோறு உங்களுக்குக் கேலியா இருக்கா? ஏலே, பாத்திரத்தையெல்லாம் வண்டியில ஏத்து!" என்று டெம்போக்காரரிடம் கத்தினார்.

சாம்பார் அண்டாவைத் தூக்க ஆள் வந்துவிட்டார். அண்டாவோடு என் சமையல்கட்டுத் தரையும் போவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "பாட்டு!" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

"என்ன பாட்டு?"

"பர்த்டே பாட்டு. அது பாடினாத்தான் சாப்பிடுவாங்க. விதி."

"யாருக்குவே பர்த்டே? இன்னைக்குத் திவசம்லா!"

கொண்டுவந்து வைத்திருந்த அய்யாவின் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் அண்ணாச்சியின் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க அய்யாவுக்குத் தான் பொறந்த தேதியே தெரியாதுலே. இன்னைக்கே இருந்துட்டுப் போகட்டும். பாடுங்கய்யா!"

மைக்கு எழுந்தான். "ஆயா, தாத்தா பேரு இன்னா? பேரு சொன்னாத்தான் பாட்டு."

அந்தம்மா புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். மகனைப் பார்த்துத் தாடையை ஆட்டினார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "சுடலைமுத்து" என்றார்.

"ஹேப்பி பர்த்டே டியர் சுடலைமுத்து" என்று பையன்கள் போட்ட சத்தத்தில் குடோன் தகரம் அதிர்ந்தது. கேக் இல்லாததால் மைக்கு ஒரு வடையை எடுத்துப் படத்துக்கு ஊட்டினான். கண்ணாடியில் தாத்தாவின் மீசை முழுக்க எண்ணெய். அண்ணாச்சி துண்டால் துடைக்கப் போனார்.

"விடுலே, உங்க அய்யாவும் எண்ணெய் வியாபாரிதான" என்றார் அம்மா. அதற்குள் பையன்கள் இரண்டாவது சோற்றுக்கு வந்துவிட்டார்கள்.

3. தரை

கைகழுவிய பிறகு அண்ணாச்சி சமையல்கட்டுக்கு வந்து, "தண்ணி எதுவரைக்கும்வே வரும்?" என்று கேட்டார். நான் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் இடுப்பைத் தொட்டு, "இதுவரைக்கும் ஏத்திடுவோம்" என்றார்.

ஏற்றியும் கொடுத்தார். அந்த வருஷ மழையில் தண்ணீர் வாசல் படியோடு நின்றது. நான் மேலே நின்று உப்புமா கிண்டினேன், பையன்கள் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டே தின்றார்கள். யாரையும் எங்கும் அனுப்பவில்லை.

செய்தி தண்டையார்பேட்டைக் கடைகளில் பரவிவிட்டது. இப்போது நினைவு நாளுக்கும் ஆட்கள் வருகிறார்கள். நான் கற்றுக்கொண்டது இதுதான்: சங்கடமான விஷயத்தைச் சோறு பரிமாறும் முன்பே பேசிவிட வேண்டும். அதனால் யார் படத்தோடு வந்தாலும் கேட்டிலேயே நிறுத்தி, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்டுவிடுகிறேன்: "பாட்டு மெதுவா வேணுமா, சத்தமா வேணுமா?"

இதுவரைக்கும் ஒருத்தர்கூட மெதுவாக என்று சொன்னதில்லை.