ரம்பாய் அக்காவின் முந்நூறு கப்புகள்

கடைக்காரி ஐஸ் டீயை நீட்டினால் ரம்பாய் அக்கா உடனே குடிக்க மாட்டார். கப்பைக் காதோரம் வைத்து மெல்ல அமுக்குவார். மொறமொறவென்று சத்தம் வந்தால் முகம் மலர்ந்துவிடும். "நம்ம வீட்டுப் பிள்ளை!" சத்தம் மந்தமாக இருந்தால், "இது பெட்ரோல் வம்சம்" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுத்தான் உறிஞ்சுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அதில் நானும் ஒருவன்.

எங்கள் ரயோங் ஊரில், கரும்பிலிருந்து பிளாஸ்டிக் கப் செய்யும் தொழிற்சாலையில் அவருக்குப் பதினான்கு வருடம். நான் அங்கே மிஷின் பழுது பார்க்கிறவன். சேர்ந்த புதிதில், கரும்புச்சாறு எப்படிக் கப் ஆகும் என்று அவரிடம்தான் கேட்டேன்.

"கடுகுக்கீரைய உப்புத் தண்ணில ஊறப்போட்டா புளிக்குதுல்ல? அந்தப் புளிப்புதான் தம்பி. சாறைப் புளிக்க வச்சு, அந்தப் புளிப்பைப் பூக் கோக்குற மாதிரி நீளமாக் கோத்துட்டா பிளாஸ்டிக்கு. அவ்ளோதான்."

தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலம். இன்ஜினியர் படம் போட்டு ஒரு மணி நேரம் சொன்னதும் இதைத்தான்.

இந்தக் கப்புக்குச் சூடு மட்டும் ஆகாது. அறுபது டிகிரி வந்தால் துவண்டுவிடும். ஒரு சித்திரை வெயிலில், பிக்கப் வண்டியில் தார்ப்பாய் மூடி இரண்டாயிரம் கப் கொண்டுபோனார் அக்கா. இறக்கும்போது அத்தனையும் ஒன்றோடொன்று சாய்ந்து கூன் போட்டிருந்தன. அன்றிலிருந்து கப் பெட்டிகள் முன் சீட்டில், ஏசியில். அக்கா பின்னால், வெயிலில், தலையில் துண்டோடு. "நான் வாடினா தண்ணி குடிச்சா நிமிந்துருவேன். அது நிமிருமா?"

இப்படிப்பட்டவர் போன கார்த்திகைப் பௌர்ணமிக்கு ஒரு காரியம் செய்தார். தண்ணீரை அழுக்காக்கியதற்குக் தண்ணீர்த் தெய்வமான கங்கைத் தாயிடம் மன்னிப்புக் கேட்டு, வாழைத்தண்டு வில்லையில் விளக்கேற்றி மிதக்கவிடும் நாள் அது. அக்கா விகாரைக்கு முந்நூறு கப் கொடுத்து, "இதுல மெழுகுவத்தி வச்சு விடுங்க. கரும்புதானே, தண்ணில கரைஞ்சிரும்" என்றார். விட்டோம். மறுநாள் காலை விகாரைக் குளத்தில் ஒரு கப்கூடக் கண்ணில் படவில்லை. பெண்கள் கூட்டம் முழுக்க அக்கா பேச்சுதான். அவரும் பத்து நாள் தரையில் நடக்கவில்லை.

இந்த வருடம் திருவிழாவுக்கு முன்னால் தூர்வாருவதற்காகக் குளத்து நீரை இறைத்தார்கள். கப்புகள் அடிச்சேற்றில் கிடந்தன. பாசியைத் துடைத்தால் நேற்றுச் செய்தது போலப் பளபளப்பு. இந்தப் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம்; கப்புக்குள் தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடும். மூழ்கினதைக் கரைந்தது என்று நினைத்துக்கொண்டோம். பதினான்கு வருடம் கையில் பிடித்தவரே நினைத்துவிட்டார், மற்றவர்களைச் சொல்லி என்ன!

பூக்கடைச் சம்லி விடுவாளா? "என்னக்கா, உன் கரும்பைக் கங்கையம்மா கடிக்கவே மாட்டேன்னுட்டாளா?" கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார். "இப்பதான் இன்ஜினியர்கிட்ட போன்ல கேட்டேன் தம்பி. சாணி, குப்பையெல்லாம் குவிச்சு, அறுபது டிகிரி சூட்டுல மாசக்கணக்கா வச்சாத்தான் மக்குமாம். குளத்துல கிடந்தா நம்ம காலம் முடிஞ்சாலும் கிடக்குமாம். இதைப் போன வருசமே கேட்டிருக்கலாம்ல? கேக்காமலே வாய விட்டுட்டேன். இனிமே நான் சொன்னா இந்த ஊர்ல எவ நம்புவா?"  

 அக்கா சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டார். தொழிற்சாலையில் சூடு பிடிக்கிற உரக்குவியல் இருக்கிறது, அங்கே கொண்டுபோகத்தான். நானும் சம்லியும் கூடவே பொறுக்கி எண்ணிக் கொடுத்தோம். சாயங்காலம் ஆனபோது சேறு வெறுமையாகத் தெரிந்தது. கணக்கு இருநூற்று எண்பத்தேழில் நின்றது. வாய்க்கால் மடை திறந்து குளத்தை நிரப்ப ஆட்கள் காத்திருந்தார்கள்.

சம்லிதான் முதலில் வாய் திறந்தாள். "பதிமூணு கப்பாவது கரைஞ்சிருக்கேக்கா! போதும், மேல ஏறு. கொஞ்சம் கொஞ்சமாக் கரையுது, இன்னும் நாளாகும்னு சொல்லிக்கலாம். நானே கடையில வர்றவங்ககிட்ட சொல்றேன்."

இந்த முறை அவள் கேலி பேசவில்லை. மனசாரத்தான் சொன்னாள். கரையில் நின்ற பெண்களும், "ஆமாக்கா, ஆமாக்கா" என்றார்கள். மடை திறக்க வந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போக அதைவிட நல்ல வழி கிடைக்காது. நானாக இருந்தால் ஏறியிருப்பேன்.



"கரையாதுடி" என்றார் அக்கா. கைலியை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, நடுக்குளத்துச் சேற்றுக்குத் திரும்பிப் போய், காலால் துழாவ ஆரம்பித்தார்.