எண்ணெய்க் குளியலும் பிலோவின் பிளாஸ்டிக் பிஸ்டலும்

செவ்வாய்க்கிழமை பேக்கரியில் மக்ரூன் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்... “மேடம், அந்தப் பிளாஸ்டிக் துப்பாக்கி இப்ப ஒழுங்கா சுடுதா?”

கேட்டவர் இந்தப் பத்தியின் வாசகர். நல்ல மனிதர். குரல்தான் கொஞ்சம் பெரிசு. எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். என் கைப்பையைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக நகர்ந்து வழிவிட்டார். அந்தக் கடையில் வரிசையே இல்லாமல் எனக்கு மக்ரூன் கிடைத்தது அன்றைக்குத்தான்.

அவருக்கு என்னால் அங்கே நின்று பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வாசிப்பவர்கள் பயப்பட வேண்டாம். நான் சொல்வது ஏர் பிஸ்டல். காற்றழுத்தத்தில் ஒரு குட்டி ஈயக் குண்டைத் தள்ளும். இது பிஸ்டல்தான், ஆனால் ரைஃபிள் மாதிரி வேஷம் போட்டிருக்கும். நீண்ட முன்பக்கம், பிடித்துக்கொள்ள இரண்டு இடம், மேலே குறிபார்க்க ஒரு குழாய். உடம்பு முழுக்க பாலிமர், அதாவது கெட்டியான பிளாஸ்டிக். தூக்கினால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகம் வரும், அவ்வளவு லேசு.

ஹார்பர் பக்கம் ஒரு பழைய உப்பு குடோனில் நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து ஏர்கன் கிளப் நடத்துகிறோம். ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாள் கோயில் குடும்பத்தில் பிறந்த எனக்கு அங்கே என்ன வேலை என்று என் அண்ணன் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான். கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டாமா? அவனிடம் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அந்த லேசு பிஸ்டலை கிளப்புக்குள் கொண்டுவந்தது என் சிநேகிதி பிலோமினா. ஏற்றுமதி ஆபீஸ் ஒன்றில் வேலை. எங்கள் கிளப்பில் அவள் கண்ணுக்கு நிகர் யாரும் கிடையாது. ஆனால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள். பழைய இரும்புத் துப்பாக்கியைத் தூக்கினால் இரண்டாவது குண்டுக்கே கை நடுங்கும். ஒரு வருஷம் மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதற்குக் குறி அட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி நடிப்பேன், பார்த்தால் எனக்கு அழுகை வரும். பாலிமர் பிஸ்டல் வந்த அன்று பழைய பிலோ திரும்பி வந்தாள். அவளைப் பார்த்து நானும் ஒன்று வாங்கினேன்.

முதல் மாதம் சொர்க்கம்.

அப்புறம் ஆரம்பித்தது. குண்டு போடும் மேகசின் பாதி சுற்றி நின்றுவிடும். ட்ரிகரை அழுத்தினால் ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். சில நேரம் குண்டு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். இது ஆபத்து. குண்டு வெளியே போய்விட்டது என்று நினைத்து யாராவது திருப்பிவிட்டால்?

விற்ற கடைக்காரருக்கு போன் செய்தேன். ஊர்ப் பேரைக் கேட்டதுமே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. “கடல் காத்து மேடம்” என்றார். நம் ஊரில் கார் துருப்பிடித்தால் கடல் காற்று. முடி கொட்டினால் கடல் காற்று. ஏசி ஓடவில்லை என்றால் கடல் காற்று. இதற்கும் அதுதான் காரணம் என்றால் யார் எதிர்த்துப் பேச முடியும்?

இந்த இடத்தில் சீஃப்பை அறிமுகப்படுத்த வேண்டும். கிளப்பின் செயலாளர். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அவர் சீஃப். பிலோவுக்கு மட்டும் அண்ணாச்சி. துருவை ஜென்மப் பகையாக நினைப்பவர். அதனால் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் எல்லாத் துப்பாக்கியும் மேஜைக்கு வந்துவிட வேண்டும். சீஃப் தன் கையாலேயே ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தேய்ப்பார். நாங்கள் அதை எண்ணெய்க் குளியல் என்போம். குளிக்காத துப்பாக்கிக்கு அலமாரியில் இடம் கிடையாது.

எங்கள் பிஸ்டல்கள் படுத்தத் தொடங்கியதும் சீஃப் அவற்றைத் தனியாகக் கவனித்தார். மற்றதற்கு ஒரு கை எண்ணெய் என்றால் இதற்கு இரண்டு கை. பிள்ளைக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு கவலை அவர் முகத்தில். ஆனாலும் ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் ஒரு நாள் பிலோ சுடும்போது குண்டு உள்ளே சிக்கி, அதை எடுப்பதற்குள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது. சீஃப் கமிட்டியைக் கூட்டினார். பாலிமர் வகையை கிளப்பில் தடை செய்யலாமா என்பது கேள்வி.

தடை வந்தால் எனக்கு நஷ்டமில்லை. நான் இரும்புக்குப் போய்விடுவேன். பிலோ? மறுபடியும் அட்டை மாட்ட வேண்டியதுதான்.

அப்போதுதான் இந்தப் பத்தியில் உங்களிடம் கேட்டேன், இந்த வகை பிஸ்டல் வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று. முதலில் எழுதியவர் விளாத்திகுளத்தில் விதைக்கடை வைத்திருக்கும் ஒரு வாசகர். அவரிடமும் அதே மாடல். ஒரு நாளும் மக்கர் பண்ணியதில்லையாம், தங்கமான பொருளாம். ஆசையாக அந்த மெசேஜைக் கமிட்டிக்குக் காட்டினேன். சீஃப் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

“நான் சொல்லுதது சரியாப் போச்சு பாத்தியளா? அங்கன கரிசக்காடு, காஞ்ச காத்து. இங்கன கடக்கரை. இது இந்த ஊருக்கு ஆகாது.”

உதவி கேட்கப் போய் நானே பிலோவுக்குக் குழி வெட்டிவிட்டேன்! அன்று வீட்டுக்குப் போனபின் என் மேலேயே எனக்கு வந்த கோபத்தை இறக்கி வைக்க எந்தத் துப்பாக்கியும் போதாது.

கமிட்டி முடிவெடுப்பதற்கு முன்னால் காயல்பட்டினத்திலிருந்து ஒரு போன். ராபியா என்று ஒரு வாசகி. கணவர் துபாயில். இவர் வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்கிறார், எல்லாம் ஆன்லைனில். மொட்டை மாடியில் மணல் மூட்டை அடுக்கி, பின்னால் இரும்புத் தகடு வைத்து, பொழுதுபோக்காகச் சுடுவாராம். அதே மாடல். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன். சிரித்தார். ஜன்னல் கம்பியைக் கையால் தட்டினால் துரு உதிரும் என்றார். அப்படியானால் காரணம் கடல் காற்று இல்லை! எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துகொண்டே கேள்வி மேல் கேள்வி. எந்தக் குண்டு? எங்கள் குண்டுதான். எவ்வளவு சுடுவீர்கள்? எங்களைவிட அதிகம். எங்கே வைப்பீர்கள்?

“சேலை ஸ்டாக் ரூம்லதான் மேடம்.”

“எண்ணெய் எப்போ போடுவீங்க?”

“எண்ணெயா? பட்டுச் சேலைக்குப் பக்கத்துல எண்ணெய் வச்சா என் பொழப்பு என்னாவுறது? காஞ்ச துணியால தொடச்சு டப்பாவுல போட்டுருவேன்.”

விளாத்திகுளத்துக்காரரைக் கூப்பிட்டேன். அவரும் எண்ணெயைத் தொட்டதில்லை. சோம்பேறித்தனம் என்று வெட்கத்தோடு ஒத்துக்கொண்டார். உங்கள் சோம்பேறித்தனம் வாழ்க என்றேன். அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் பிலோவும் நானும் அவள் பிஸ்டலைப் பிரித்தோம். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊறி, உப்பி, இட்லி மாவு மாதிரி பொங்கி நின்றன. ஈயத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் களிம்பாகி மேகசின் சுற்றும் பாதையை அடைத்திருந்தது. இரும்புக்கு மருந்தான எண்ணெய் இந்த ரப்பருக்கு விஷம். துருப்பிடிக்கவே முடியாத பிளாஸ்டிக்குக்கு, துருவுக்குப் பயந்து, வாராவாரம் குளியல்! சிக்கியது என்று எண்ணெய் போட்டோம். எண்ணெய் போட்டதால் சிக்கியது. சிக்கியதால் இன்னும் எண்ணெய்...

கண்டுபிடித்தாகிவிட்டது. சீஃப்பிடம் யார் சொல்வது? அந்த மனிதர் செய்தது பூராவும் பாசத்தில். நான் சொன்னால் சண்டையாகிவிடும் என்று எனக்கே தெரியும். பிலோதான் போனாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கூட நின்றேன்.

“அண்ணாச்சி, நீங்க தப்பா நெனைக்கப்படாது” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். உப்பிய வளையத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள். சீஃப் அதை விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தார்.

“சரி. எண்ணெய் வேண்டாம்” என்றார் கடைசியில். “ஆனா ஆண்டு விழா போட்டியில ஒரே ஒரு தடவை மாட்டுனாலும், இந்த வகை உள்ள வரப்படாது. சம்மதமா?”

பிலோ என்னைக் கேட்கவே இல்லை. “சம்மதம்” என்றாள்.

புது வளையங்கள் கூரியரில் வந்தன. மாட்டினோம். காய்ந்த துணி, மூடி இறுக்கமான டிபன் டப்பா... ராபியாவின் வைத்தியத்தை அப்படியே பின்பற்றினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. பரோட்டா அளவு இரும்புத் தட்டுகள் வரிசையாக நிற்கும். அதிகம் தட்டி விழவைப்பவர் ஜெயிப்பார். நான் இரண்டாவது சுற்றிலேயே வெளியே. அதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை, நான்தான். பிலோ ஒவ்வொரு சுற்றாக ஏறிக்கொண்டே போனாள். ஒவ்வொரு முறை ட்ரிகரை அழுத்தும்போதும் எனக்கு மூச்சு நின்று வந்தது. டப், டங். டப், டங். கேட்கக் கேட்கத் திகட்டாத சத்தம்!

இறுதிச் சுற்றில் பிலோவும் சீஃப்பும். வேறு யார் இருக்க முடியும்? இருவரும் எல்லாத் தட்டையும் சாய்த்துவிட்டார்கள். சமநிலை. இனி ஆளுக்கு ஒரு தட்டு, மாற்றி மாற்றி, யாராவது தவறவிடும் வரை. இருவரும் விடவில்லை. கடைசியில் சீஃப் சுட்டது தட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. தட்டு ஆடியது. விழவில்லை.

இப்போது பிலோ சாய்த்தால் கோப்பை அவளுக்கு. மணிக்கட்டு வலிப்பது அவள் உதட்டில் தெரிந்தது. குறி பார்த்தாள். அழுத்தினாள்.

‘டிக்.’

அவ்வளவுதான். குண்டும் இல்லை, டங்கும் இல்லை. பின்னால் யாரோ “மாட்டிக்கிட்டு” என்றார்கள். எனக்குக் கண் இருட்டிவிட்டது.

பிலோ மட்டும் குழாயைத் தட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு திரும்பாமல் சொன்னாள், “மாட்டல அண்ணாச்சி. குண்டு தீந்துட்டு.”

சீஃப் எழுந்து அவளிடம் போனார். தோற்றால் இந்தக் கோப்பை அவர் கையை விட்டுப் போகும். மாட்டிக்கொண்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிர்த்துப் பேச அங்கே ஆள் கிடையாது, என் ஒருத்தியைத் தவிர. மேகசினைக் கழற்றினார். வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வழுவழுவென்று சுற்றியது. குழாய்க்குள்ளும் பார்த்தார்.

“காலி மேகசின். ஜாம் இல்ல” என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. “குண்டு போட்டு அடிளா.”

பிலோ குண்டு போட்டாள். அடித்தாள்.

டங்!

தட்டு சாய்ந்தது. நான் போட்ட கூச்சல் ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே! தடை பற்றிய பேச்சு அந்த நிமிஷத்தோடு முடிந்தது. பிலோ இனி எந்த மூலையிலும் உட்கார வேண்டியதில்லை. சீஃப் தோற்ற மாதிரியே தெரியவில்லை, வாயெல்லாம் பல்.

எனக்கு ஒன்று தோன்றியது. காற்றின் மேல் பழியைப் போடுவது ரொம்ப சுலபம். அது வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. நம் கையில் இருக்கும் எண்ணெயைச் சந்தேகப்படுவதுதான் கஷ்டம், அதுவும் பாசமாகத் தேய்க்கிற எண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் பிள்ளைகளையும் மருமகள்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்... சரி, சரி, உபதேசத்தை நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். அடியில் கல் பதித்த கோப்பை, பயங்கர கனம். பிலோவின் மணிக்கட்டில் ஐஸ் கட்டியிருந்தோம், அவளால் தூக்க முடியவில்லை. அதனால் போட்டோவுக்கு சீஃப் தூக்கிப் பிடித்தார். பக்கத்தில் பிலோ சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படம் இப்போது ஊரில் உள்ள வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் சுற்றுகிறது. சீஃப்புக்கு வாழ்த்துகள் குவிகின்றன.

விடுவேனா நான்? இந்த வாரப் பத்தியை எழுதியதே அதற்குத்தான்: ஜெயித்தது பிலோ!