அண்ணி அடித்த வெள்ளை

என் அண்ணி யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் உட்காரச் சொல்வதற்கு முன்பே சுவரில் உள்ளங்கையை வைத்துவிடுவார். வீட்டு ஆட்களைப் பார்த்துச் சிரிப்பதெல்லாம் அப்புறம்தான். எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த அன்றைக்கே அதைக் கவனித்தேன். கூடத்துக்குள் வந்தவர் ஜன்னலுக்குக் கீழே சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மருமகளுக்கு நம்மளவிட சுவரத்தான் புடிச்சிருக்கு போல" என்று அம்மா அடுக்களையில் முணுமுணுத்தார்.

அண்ணி கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். பத்தொன்பது வயதில் பிரஷ் பிடித்தது, இருபத்து நாலு வருடமாக அதுதான் வேலை. ஈரமான சுவரில் அடித்தால் ஆறே மாதத்தில் அப்பளம் போல உப்பிக்கொண்டு வரும். ஈரம் யாருடைய தவறாக இருந்தாலும் பழி பெயிண்டர் தலையில்தான் விழும். அதனால் வந்த பழக்கம். நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டவள். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. பேசாதவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைக்கும். அப்படிப் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அரசாங்கக் குடியிருப்பு. ஐந்து மாடி, மாடிக்குப் பதினாறாக எண்பது வீடுகள். கட்டி நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. படிக்கட்டு ஓரம் பாசி, மழைக்காலத்தில் சில வீடுகளில் கட்டிலைச் சுவரை விட்டு இரண்டடி தள்ளிப் போட வேண்டியிருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். புதிதாகக் கட்டி முடிக்கும்வரை எல்லோரும் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் வேறு வேறு குடியிருப்புகளில் இருக்க வேண்டும். திரும்பி வருவது குலுக்கலில்.

எண்பது வீட்டிலும் அன்றைக்கு ஒரே பேச்சு. யாருக்கு எந்தப் பள்ளிக்கூடம், யாருக்கு எந்த வேலை, நோயாளி அம்மாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவள் இனி யாரிடம் விடுவாள். கடைசியில் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் போய்ப் பேசி ஆறு மாத அவகாசம் வாங்கினார்கள். இடிக்காமலே கட்டடத்தைச் சரிசெய்ய முடியும் என்று குடியிருப்பவர்களே ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம்.

அதற்காக ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்கட்டுத் திருப்பத்தில் தரையிலேயே பெரிய தாளை விரித்து உட்கார்ந்துவிட்டார். "நான் வரையறது அப்புறம். முதல்ல நீங்க சொல்லுங்க, இந்தக் கட்டடத்துல எது சரியில்ல, எது போகக் கூடாது" என்று கேட்டார். எங்களிடம் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. துணி காயப்போட இடம் வேண்டும் என்றாள் ஒருத்தி. மொட்டை மாடிக் கதவை ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். மாதம் இரண்டு முறை அப்படி உட்கார்ந்தோம். தாளில் எங்கள் கையெழுத்தும் கிறுக்கலுமாக நிறைந்தது.

ஆனால் எல்லாமே ஒரு நிபந்தனையில் தொங்கிக்கொண்டிருந்தது. அலுவலகத்து இன்ஜினியர் மீட்டர் கொண்டு வந்து எல்லா வீட்டுச் சுவரிலும் ஈரம் பார்ப்பார். பாதிக்கு மேல் வீடுகளில் ஈரம் இருந்தால் கட்டடம் தேறாது, இடிப்பதுதான் வழி.

இன்ஜினியர் திங்கட்கிழமை வருகிறார் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. அன்று சாயங்காலம் முதல் மாடித் தையல்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"பெயிண்டரம்மா, பெரிய ஆபீசர் வர்றாரு. அழுக்குச் சுவரக் காட்டி நம்ம மானத்த வாங்கணுமா? உங்க கம்பெனியில மிச்சம் மீதி டின் இருக்குமே."

"ஈரச் சுவர்ல அடிக்கக் கூடாதுண்ணே."

"அதெல்லாம் இப்பப் பாக்க முடியுமா? ஈரமே இல்லாத வீட்டுக்கும் சேத்து அடிங்க. நான் மட்டும் பளிச்சுனு இருந்து பக்கத்து வீடு கருப்பா இருந்தா அதுவும் நல்லாருக்காது."

அவருக்குப் பின்னாலேயே நாலைந்து பெண்கள். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் பாயை உதறிப் போடுவதில்லையா, அது மாதிரிதான் அவர்களுக்கு. அண்ணிக்கு மறுக்க மனம் வரவில்லை. தனக்கு வேலை தருகிற ஒப்பந்தக்காரரிடம் கேட்டு மிச்ச டின்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை. உள்ளே ஆள் இருந்த வீடெல்லாம் பெயிண்ட் வேலையில். அண்ணி மாடி மாடியாக ஓடி, எப்படிப் பிரஷைப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்து, இரண்டாவது கோட்டைத் தானே இழுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். எங்கள் வீட்டுக்கு வரும்போது டின் காலி.

"ஊருக்கெல்லாம் வெள்ளை, உன் புருஷன் முகத்துக்கு மட்டும் கரியா?" என்றார் அண்ணன். அவர் பஸ் ஓட்டுகிறவர், எந்த நேரத்திலும் ஒரு கேலி வைத்திருப்பார்.

"உங்க முகத்துக்கு எத்தன கோட் போட்டாலும் நிக்காது" என்று சொல்லிவிட்டு அண்ணி கையைக் கழுவப் போனார்.

பெயிண்ட் வாசனைக்கு என்ன செய்வது என்ற கேள்வி ஞாயிறு மாலை வந்தது. அதற்கும் தையல்காரர்தான் யோசனை சொன்னார். திங்கள் காலை எட்டு மணிக்கு எல்லா வீட்டிலும் வெங்காயம் வதக்க வேண்டும். வதக்கினார்கள். படியேறி வந்த இன்ஜினியர் இரண்டாவது மாடியிலேயே கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீட்டரின் இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தினார். ஒவ்வொரு வீட்டிலும் "எப்ப அடிச்ச பெயிண்ட் இது?" என்று கேட்டார். அவருக்காக நேற்றுத்தான் அடித்தோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. "போன வருஷம் சார்" என்றார்கள். முதல் வீட்டில் ஒருத்தர் அப்படிச் சொல்லிவிட்டதால் எல்லோருக்கும் அதுவே பதிலாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. எண்பதில் எழுபத்தெட்டு வீடுகளில் ஈரம். கட்டடம் தேறாது.

ஆர்க்கிடெக்ட் அம்மா தன் அறைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். சங்கத் தலைவர், தையல்காரர், அண்ணி. அண்ணிக்குத் துணையாக நானும் போனேன். மேசை மேல் கட்டடத்தின் படம். ஈரமான வீடெல்லாம் சிவப்புக் கட்டம். ஏதோ சிவப்புத் துணியை விரித்த மாதிரி இருந்தது. அதில் இரண்டே இரண்டு கட்டங்கள் வெள்ளையாக. ஒன்று, அங்கிருந்த பாட்டி மகளோடு இருக்கப் போய் ஒரு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற நான்காம் மாடி வீடு, சங்கத்திடம் இருந்த சாவியால் திறந்து காட்டியது. இன்னொன்று எங்கள் வீடு.

அண்ணி அந்த இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது நுனி சிவந்துபோனதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்திலேயே சொல்லிவிட்டார். "அது சுவரோட ஈரம் இல்ல. என் பெயிண்டோட ஈரம். மழையில அடிச்சது, ஒரு நாள் கூடக் காயல. அடிக்காத ரெண்டு வீடுதான் காஞ்சிருக்கு."

தையல்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். "சத்தமாப் பேசாதம்மா. போன வருஷம்னு எண்பது வீடும் பொய் சொல்லியிருக்கோம். இப்பப் போய்ச் சொன்னா, இவங்க போடற திட்டத்தையும் எப்படி நம்பறதுன்னு கேப்பாங்க. உங்க கம்பெனியிலயும் உங்க பேரு கெட்டுப்போகும்."

"இடிச்சிட்டா மட்டும் பேரு நல்லா இருக்குமாண்ணே?"

அடுத்த வாரம் அலுவலகத்தில் கடைசிக் கூட்டம். அந்த ஒரு வாரத்தில் அண்ணி வேலைக்கே போகவில்லை. "வாடி, ஒரு நோட்டு எடுத்துக்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு எண்பது வீடும் ஏறி இறங்கினார். அதற்குள் பெயிண்ட் காய்ந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் நாலு சுவரிலும் கையை வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்று, "எழுது" என்பார். எந்தச் சுவர், எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம். ஒன்றும் இல்லையென்றால் "காஞ்சிருக்கு" என்பார். என் கையெழுத்து கோணல். ஆனால் ஒரு வீடு விடவில்லை. முடித்தபோது ஈரமான வீடுகள் இருபத்திரண்டு.

நோட்டைப் பார்த்து ஆர்க்கிடெக்ட் அம்மா படத்தில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். பாதியிலேயே கையை நிறுத்திவிட்டார். புள்ளிகள் மேலிருந்து கீழாக நாலு நேர்கோடுகளாக இறங்கின. இரண்டு இடத்தில் மட்டும் பக்கத்து வீட்டிலும் ஒரு புள்ளி. மொட்டை மாடி மழைத் தண்ணீரை இறக்குகிற நாலு குழாய்கள் சுவருக்குள் புதைத்தவை. அந்தக் குழாய்கள் போகிற இடம்தான் அது. கட்டடம் கெடவில்லை, நாலு குழாய் கெட்டிருக்கிறது.

"இத நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? தொட்டுப் பாத்தேன், அவ எழுதினா" என்று என்னைக் காட்டினார். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

கூட்டத்தன்று வீட்டுவசதி அலுவலகத்து அதிகாரி அம்மாளுக்கு வலப்பக்கம் அந்த இன்ஜினியர். அண்ணி எழுந்து நின்றார். அவர் மேடையில் பேசிப் பழகியவர் இல்லை. கைகள் இரண்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"சார் மேல தப்பு இல்லைங்க. அவர் வர்றதுக்கு முதல் நாள் நான்தான் எல்லா வீட்டுக்கும் பெயிண்ட் அடிச்சேன். ஈரத்தோட அவர் மீட்டர் வச்சாரு. போன வருஷம் அடிச்சதுன்னு நாங்க சொன்னது பொய். வெக்கத்துல சொன்னது. மறைக்கணும்னு சொல்லல."

இன்ஜினியர் மெதுவாக நிமிர்ந்தார்.

"அப்ப அந்த வெங்காயம்?"

"அதுவும் நாங்கதான் சார்" என்றார் தையல்காரர், எழுந்து நின்று. அவர் எழுந்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். "நானும் பொய் சொன்னேன்", "எங்க வீட்லயும்தான்" என்று ஒவ்வொருவராக.

அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. எழுத்தில் கொடுங்கள் என்றார். அண்ணி தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்தார். ஒரு மாதம் யாரும் சுவரில் கை வைக்கக் கூடாது, பிறகு மறுபடி அளப்போம் என்று முடிவானது.

அந்த ஒரு மாதமும் அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. கணக்கு ஒரு இடத்தில் தப்பினாலும் எண்பது குடும்பம் தன்னால் கலையும் என்பதுதான் அவர் நெஞ்சில் இருந்தது. ஒப்பந்தக்காரர் காதுக்கும் விஷயம் போய், இரண்டு வாரம் வேலைக்குக் கூப்பிடவில்லை.

இரண்டாவது முறை இன்ஜினியர் வந்தபோது எங்கள் நோட்டின் நகலைக் கையோடு கொண்டுவந்தார். வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்துப் பக்கத்தில் டிக் போட்டார். முடிவில் இருபத்து மூன்று. ஒரு வீடு கூடுதல். அண்ணி முகம் செத்துப்போயிற்று. எந்த வீடு என்று பார்த்தால் தையல்காரர் வீடு. இன்ஜினியரோடு போய்ப் பார்த்தார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து நாற்பது சட்டை இஸ்திரி போட்டிருந்தார் மனிதர். ஆவி முழுக்கச் சுவரில்.

"யோவ், உம்ம வீட்டுக்குத் தனியா ஒரு குழாய் போடணும் போலிருக்கே" என்றார் அண்ணன். இன்ஜினியரே சிரித்துவிட்டார். இருபத்து மூன்றை அடித்து இருபத்திரண்டு என்று எழுதினார். கிளம்பும்போது அண்ணியிடம், "அடுத்த கட்டடத்துக்கு நீங்களும் என்கூட வாங்கம்மா" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். பிறகு அண்ணி மூன்று குடியிருப்புகளுக்குப் போய் வந்திருக்கிறார், சம்பளத்தோடு.

திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. யாரும் வெளியே போகவில்லை. ஒரு குழாய் வரிசையில் வேலை நடக்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் ஆறு வாரம் இங்கேயே, பூட்டிக் கிடந்த அந்த வீட்டிலும் மற்ற மாடிச் சொந்தங்கள் வீட்டிலும் இருந்தார்கள். பழைய குழாய்களை மூடிவிட்டு, புதிய குழாய்களைச் சுவருக்கு வெளியே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறக்கினார்கள். கசிந்தால் யாருக்கும் தெரியும். மழைத் தண்ணீர் கீழே இரண்டு தொட்டிகளுக்குப் போகிறது, துணி துவைக்கவும் செடிக்கும். உடைத்த செங்கல்லைக் குப்பைக்கு அனுப்பாமல் வாசலில் உட்காரும் மேடை கட்டினோம். மொட்டை மாடிக் கதவைத் திறந்தாயிற்று. ஒப்பந்தக்காரர் அண்ணியைத் தேடி வந்து பெயிண்ட் வேலையைக் கொடுத்தார். அண்ணி போட்ட விதி ஒன்றுதான்: சுவருக்குச் சிமெண்ட் பூசி முப்பது நாள் ஆகாமல் யாரும் பிரஷைத் தொடக் கூடாது. குடியிருப்பின் ஒன்பது பெண்கள் அவரிடம் வேலை செய்தார்கள். அதில் ஐந்து பேருக்கு இப்போது அதுவே தொழில்.

வேலை முடிந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. எண்பதில் எழுபத்தேழு வீடுகளில் அதே குடும்பங்கள் இருக்கின்றன. மூன்று குடும்பங்கள் தங்கள் விருப்பத்தில் போயின. படிக்கட்டு விளக்குகளுக்கு மாடியில் சூரியத் தகடு போடுவது இன்னும் பாக்கி, அலுவலகத்தில் கோப்பு நகர்கிறது. பராமரிப்புக் குழுவுக்கு அண்ணிதான் தலைவர். கூட்டக் குறிப்பு எழுதுவது நான்.