கல்லில் உடைந்த காய்

என் அப்பா சென்னகிருஷ்ணன் கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருந்தார். பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பொதுக்கிணற்றில் யாருக்கு எந்த முறை தண்ணீர் என்பது போன்றவைதான் அவரிடம் வரும். கோர்ட்டில் குரலை உயர்த்தமாட்டார். எதிர்க்கட்சிக்காரனுக்குத் தாகம் என்றால் தன் கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். அவர் இறந்தபோது துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இதையெல்லாம் சொன்னார்கள். கொலை வழக்கைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அப்பா நடத்தியது ஒரே ஒரு கொலை வழக்கு. அதில் அவர் ஜெயித்தார். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் பாதி மனிதரை எழுதியதாகத்தான் ஆகும்.

அது ஐம்பத்து நாலாம் வருஷம். நான் பெங்களூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு வந்திருந்தேன். கெலமங்கலத்தைத் தாண்டி மல்லேனூர் என்று ஒரு கிராமம். அங்கே வீரபத்திர சாமி கோயில் பூசாரி ராமப்பனைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று அவர் மனைவி ரங்கம்மா வந்து நின்றார். கோயில் மானிய நிலத்துக்காக ராமப்பனுக்கும் அதே ஊர் வெங்கடப்பனுக்கும் நடந்த சிவில் வழக்கில் அப்பாதான் பூசாரியின் வக்கீல். இப்போது வெங்கடப்பன் செத்துப்போய்விட்டான். மண்டை ஓட்டில் விரிசல் விட்டிருந்தது.

மல்லேனூர்த் திருவிழாவில் ஆண்களின் தலையில் தேங்காய் உடைப்பது வழக்கம். கோயிலுக்கு முன்னால், உட்கார்ந்தவனின் தலை உயரத்துக்கு ஒரு நீளக் கருங்கல் திண்டு. அதற்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, தலையைக் குனிந்து ஆண்கள் வரிசையாக உட்காருவார்கள். பூசாரி திண்டுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவர் தலையிலும் காயை உடைத்துக்கொண்டே போவார். காய் உடைந்தால் சாமி அவனை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அன்று மத்தியானம் வெங்கடப்பனும் வரிசையில் உட்கார்ந்தான். பூசாரியின் கை இறங்கியதை ஊரே பார்த்தது. சாயங்காலம் தலை வலிக்கிறது என்று படுத்தவன் பொழுது விடியும்போது இல்லை. நில வழக்கின் பகையை வைத்து, சாமி பெயரில் வேண்டுமென்றே ஓங்கி அடித்துக் கொன்றார் என்று போலீஸ் எழுதியது.

சேலத்துப் பெரிய வக்கீல் ஒருவர் அப்பாவுக்கு யோசனை சொன்னார். வழக்கமாகச் செய்கிற சடங்கு, செத்தவன் தானே விரும்பி உட்கார்ந்தான், கை தவறிப் பலமாகப் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டால் தூக்கு இல்லை. கொஞ்ச காலம் ஜெயில், அவ்வளவுதான். அப்பாவுக்கும் அது சரியாகப் பட்டது. அன்றே கிருஷ்ணகிரி சப்-ஜெயிலுக்குப் போனார். சொல்வதை எழுதிக்கொள்ள என்னையும் அழைத்துப்போனார்.

ராமப்பன் ஒல்லியான மனிதர். கைகள் மட்டும் வேறு யாருடையவையோ போலப் பெரியவை. அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“அப்பிடிச் சொல்லமாட்டன் வக்கீலய்யா. சாமி காயி ஆளக் கொல்லாது.”

“அப்ப தூக்குல தொங்கறயா?”

“தொங்கறதுன்னா தொங்கறன். சாமி கொன்னுச்சுன்னு என் வாயில வராது.”

“சாமி கொல்லல, நீயும் கொல்லலன்னா அவன எதுய்யா கொன்னுச்சு?”

ராமப்பன் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். அப்பாவும் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, சுவர் ஓரமாக முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தார்.

“நீ எப்பிடிச் செய்வியோ அப்பிடியே செஞ்சு காட்டு. காயில்லாம.”

வார்டர் சிரித்தான். “சார், கேஸ் முடியறவரைக்கும் தலை தேவைப்படும்.”

ராமப்பன் பின்னால் வந்து நின்றார். முதலில் இடது கையை அப்பாவின் தலையில் வைத்தார். விரல்கள் மெதுவாக நகர்ந்தன. உச்சி, பிடரி, காதுக்கு மேல். கண்ணில்லாதவர் ஒரு முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் வலது கை மேலே போயிற்று.

“அந்த எடது கை என்ன பண்ணுது?” என்று அப்பா குனிந்தபடியே கேட்டார்.

“தலையப் பாக்குதுங்க. இது நல்ல தலை. ஒடைக்கலாம்.”

“ஆகாத தலையும் உண்டா?”

“இருக்குதுங்களே. காய்ச்சல்காரன் வந்து குந்துவான். பட்ட காயத்த மறைச்சிக்கினு வருவான். பயத்துல நரம்பு துடிக்கும். அந்தத் தலைக்குக் காயக் கொண்டாந்து காதோரமா கல்லுல அடிச்சிடுவன். தண்ணி தலையில ஊத்திடும், மேளம் அடிக்கறாங்க, யாருக்குத் தெரியும். குந்துனவனுக்கும் எனக்கும் மட்டுந்தான். சாமி ஒன்ன ஒதுக்கிடுச்சுன்னு ஊருல ஒருத்தன் மானம் போவக் கூடாது பாருங்க.”

“அத அவன்கிட்டயாவது சொல்லுவியா?”

“யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க. எங்கப்பன் சொல்லல. நானும் சொல்லல. கை பாத்தது கையோட போயிடணும்.”

அப்பா எழுந்து திரும்பினார். “வெங்கடப்பன் தலையில கை என்ன பாத்துச்சு?”

ராமப்பன் அந்தப் பெரிய கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வெங்கடப்பன் தலையில் அடியோடுதான் வந்து உட்கார்ந்திருக்கிறான். காய் அவன்மேல் படவே இல்லை.

மறுநாள் நாங்கள் மல்லேனூர் போனோம். செத்தவனின் மனைவி சென்னம்மாள் துக்கத்தில் இருந்ததால் ஆண்கள் முன்னால் வரவில்லை. நான் பெண் என்பதால் ரங்கம்மா என்னை உள்ளே கூட்டிப்போனார். அரைவெளிச்சத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவளாக இருப்பாள். ஒரு மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அது பழைய முறிவு. கழுத்தில் இருந்தது புதிது. மஞ்சளாக மாறிக்கொண்டிருந்த கன்றல்.

“காயி அவுரு தலையிலதான் ஒடஞ்சுது. நான் பாத்தன்” என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

“அன்னிக்குக் காலையில அவர் எங்கே இருந்தார்?”

அவள் ரங்கம்மாவைப் பார்த்தாள். ரங்கம்மா தரையைப் பார்த்தார். மூலையில் ராகிக் களி கிண்டும் கனத்த துடுப்பு சாய்ந்திருந்தது. அதைப் பார்க்க வேண்டுமென்று நான் நினைக்கவில்லை, கண் போய்விட்டது. அவளும் என் கண் போன இடத்தைப் பார்த்தாள். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கு வரும்போது பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது: “பூசாரியண்ணனக் கும்பிட்டன்னு சொல்லுங்க.”

பார்த்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதை ராமப்பனிடம் கொண்டுபோனார். அங்கே ராமப்பன் முதல்முறையாகக் கெஞ்சினார். “அந்தப் பொண்ண ஒண்ணும் கேக்காதீங்க. கேட்டீங்கன்னா நான் எந்திரிச்சி நின்னு நாந்தான் கொன்னன்னு ஜட்ஜய்யாகிட்ட சொல்லிடுவன். சத்தியமா.”

சொன்னால் செய்கிற ஆள். அவளைக் கேட்டால் அவளுக்குத் தூக்கு; கேட்காவிட்டால் இவருக்குத் தூக்கு. அந்த மாதத்தில் அப்பா சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

சேலம் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை நடந்தது. மல்லேனூர் ஆண்கள் வெள்ளை வேட்டியில், பஸ்ஸில் வந்த கசங்கலோடு, வராண்டாவில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரை அப்பா நிதானமாகக் கேட்டார். மண்டையில் அடிபட்டவன் நல்லபடியாக நடமாடிவிட்டுச் சில மணி நேரம் கழித்துச் சாவது உண்டா? உண்டு. அப்படியானால் அடி மத்தியானத்துக்கு முன்னால் பட்டதாகவும் இருக்கலாமா? இருக்கலாம். ஆனால் அரசாங்க வக்கீல் எழுந்து, தலையில் காய் விழுந்ததை ஊரே பார்த்திருக்கும்போது வேறு அடியைத் தேடுவானேன் என்றார். ஜட்ஜும் தலையசைத்தார்.

சென்னம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். காய் உடைந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள். ராமப்பன் அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்தார். “கேள்வி இல்லை” என்று சொல்லி உட்கார்ந்தார். கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இந்த வக்கீல் கேஸைக் கைவிட்டுவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அடுத்த சாட்சி ஊர்ப் பெரியதனம் திம்மராயன். அன்று வரிசையில் வெங்கடப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர். மீசையை நீவிக்கொண்டு, காய் வெங்கடப்பன் தலையில் சிதறியதாகச் சொன்னார்.

“கண்ணை மூடிக்கொண்டு குனிந்திருந்தீர்கள். எப்படிப் பார்த்தீர்கள்?”

“சத்தம் கேட்டுச்சுங்களே.”

“உங்களுக்கு எத்தனை வருஷமாகக் காய் உடைக்கிறார்கள்?”

“மீச மொளைக்கறதுக்கு முன்னாலருந்து.”

“ஒவ்வொரு தடவையும் உங்கள் தலையில்தான் உடைந்ததா?”

“பின்ன எங்க ஒடையும்?”

“வீரபத்திர சாமியை நினைத்துச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது காய் உங்கள் தலையில் படாமல், பக்கத்துக் கல்லில் உடைந்தது உண்டா?”

திம்மராயன் மீசையிலிருந்து கையை எடுத்தார்.  குற்றவாளிக் கூண்டிலிருந்து ராமப்பன், “வேணாங்க” என்றார். ஜட்ஜ் அவரை அதட்டினார்.

திம்மராயன் வாசல் பக்கம், தன் ஊர் ஆண்கள் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, “ஒரு தபா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ரெண்டு தபா” என்றார்.

“யாரிடமாவது சொன்னீர்களா?”

“எப்பிடிங்க சொல்றது? ஊருல எனக்கு மட்டும் அப்பிடி ஆச்சுன்னு...”

அவருக்குப் பிறகு வந்த ஒவ்வொரு சாட்சியிடமும் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். ஒருவர் அழுதார்.  மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஊரில் தன் ஒருவனைத்தான் சாமி ஒதுக்கியது என்று ஒவ்வொரு ஆணும் நினைத்து, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தான். ராமப்பன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வெங்கடப்பன் தலையைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. காய் எங்கே உடைந்தது என்பது உட்கார்ந்தவனுக்கும் பூசாரிக்கும் மட்டுமே தெரியும் என்று ஆகிவிட்டது; அது அவன்மேல் பட்டது என்று சத்தியம் செய்ய இனி அந்த ஊரில் ஆள் இல்லை.

சந்தேகத்தின் பலனைக் கொடுத்து ஜட்ஜ் அவரை விடுதலை செய்தார்.

வெளியே வந்த ராமப்பன் அப்பாவைக் கும்பிட்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. “அந்தப் பொண்ணு?” என்று மட்டும் கேட்டார். அவளை அவளுடைய அண்ணன் அப்போதே திருப்பத்தூர்ப் பக்கம் அழைத்துப் போய்விட்டான். அதைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

சாயங்காலம் எல்லோரும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். மல்லேனூர் ஆண்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. தர்மபுரி தாண்டியதும் திம்மராயன் எழுந்து வந்து ராமப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் முன் சீட்டில் இருந்தோம்.

“பூசாரி, என் பெரியவன் செத்த வருஷம் என் தலையில காயி படல. ஒன் கையி என்னா பாத்துச்சு?”

“விடுப்பா.”

“சொல்லு. நான் என்ன பண்ணன்னு ஒனக்குத் தெரியுமா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. காய்ச்சலா இருந்திருக்கும்.”

“காய்ச்சல் இல்ல.”

அவர் எழுந்துபோனதும் இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். அதே கேள்வி. ராமப்பன் அதே பதிலைச் சொன்னார். அவரும் நம்பவில்லை. பிறகு இன்னொருவர் வந்தார். அவர்கள் குரல் ஒவ்வொருமுறையும் இன்னும் தணிந்துகொண்டே போயிற்று. காய்ச்சலையும் காயத்தையும் பயத்தையும் தவிர அந்தக் கை எதையும் பார்த்ததில்லை என்று ஜெயிலில் எங்களிடம் அவரே சொல்லியிருந்தார். ஆனால் அந்த பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவனுக்கும், தான் மறைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று அந்தக் கைக்குத் தெரியும் என்றே பட்டிருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரியில் நாங்கள் இறங்கினோம். அப்பா ஜன்னலண்டை போய், “இங்க தங்கிட்டு நாளைக்குப் போலாமே பூசாரி” என்றார்.

“ரங்கம்மா பாத்துக்கினு இருப்பாளுங்க” என்றார் ராமப்பன். அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். பஸ் ராயக்கோட்டைச் சாலையில் திரும்பியது.

ராமப்பன் வீடு போய்ச் சேரவில்லை. ராயக்கோட்டையில் இறங்கினார் என்றார் ஒருவர். கெலமங்கலத்தில் இறங்கிச் சந்தைப் பக்கம் போனார் என்றார் இன்னொருவர். திம்மராயன், தான் தூங்கிவிட்டதாகச் சொன்னார். போலீஸ் எல்லோரிடமும் விசாரித்தது, கிணறுகளில் தேடியது, பிறகு விட்டுவிட்டது. அப்பா அதற்குப்பின் சேலம் கோர்ட்டுக்குப் போகவில்லை. அவர் சாகும்வரை வரப்புத் தகராறுகள்தான்.

ரங்கம்மா மட்டும் சிலசமயம் வருவார். ஒருநாள் எங்கள் வராண்டாவில் உட்கார்ந்து, அப்பா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்:

“தூக்குல போட்டிருந்தா ஒடம்பயாச்சும் குடுத்திருப்பாங்கல்ல, வக்கீலய்யா.”

 அப்பா, அவர் குடித்து முடித்த சொம்பை வாங்கி, மறுபடியும் நிரப்பிக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.